சவரக் கிண்ணமும் சந்தனச் சோப்பும்

மைசூரு மாவட்டத்து ராமாபுரத்தில் ஒரு முடிதிருத்தகம் இருக்கிறது. சாலையோரத்தில் ஒரே அறை, இரண்டு நாற்காலிகள், எதிரெதிரே இரண்டு கண்ணாடிகள். சுவரில் உறையிட்ட நாகசுரம் ஒன்று தொங்குகிறது. கருநாடகத்தின் சவிதா சமாஜத்தினருள் பலர் சவரத் தொழிலோடு மங்கள வாத்தியமும் வாசிப்பவர்கள் என்பதை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பு இராது. பிரதம மந்திரி விஸ்வகர்மா திட்டத்தின்கீழ் அளிக்கப்பட்ட கடன் முறையாகப் பயன்படுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காக நாம் அங்கே சென்றிருந்தோம். பார்த்துக் கையெழுத்திட்டுத் திரும்ப அரை மணி நேரம் போதும். ஆனால் திரும்பும்போது மாலை ஆகிவிட்டது. காரணம், உரிமையாளரான பெரியவர் நம் முகத்தைப் பார்த்துக் கேட்ட ஒரு கேள்வி.

"சார், கழுத்தில் இப்படிச் சிவந்து தடித்திருக்கிறதே, எந்தக் கத்தியால் மழிக்கிறீர்கள்?"

இளமையில் சத்தியமங்கலத்தில் தொழில் பழகியவர் என்பதால் அவருக்குத் தமிழ் நன்றாக வரும். ஐந்து அலகுகள் கொண்ட, விலையுயர்ந்த கார்ட்ரிட்ஜ் ரேசர் என்று நாம் சற்றுப் பெருமையுடனேயே சொன்னோம். அவர் சிரிக்கவில்லை, நாற்காலியைக் காட்டினார். கடன் வாங்கியவரிடம் இலவசமாக எதையும் பெறக்கூடாது என்பது நமது விதி. எனவே கட்டணத்தை முன்னதாகவே கியூஆர் அட்டையில் செலுத்திவிட்டு உட்கார்ந்தோம்.

அவர் முதலில் கத்தியைத் தொடவே இல்லை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முகத்தில் போர்த்தினார். பிறகு விரல் நுனிகளால் கழுத்தை எல்லாத் திசைகளிலும் தடவினார். முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்று பார்க்கிறாராம். கன்னத்தில் மேலிருந்து கீழாக வளரும் முடி, தாடைக்குக் கீழே பலருக்குத் திசைமாறிப் பக்கவாட்டில் ஓடுகிறது. சிலருக்குக் கீழிருந்து மேலாகவும் வளர்கிறது. நாமோ இருபத்தைந்து ஆண்டுகளாகக் கழுத்தில் கீழிருந்து மேலாகவே இழுத்துக்கொண்டிருந்தோம். அதாவது வளர்ச்சிக்கு நேர் எதிராக. பல அலகுகள் கொண்ட ரேசரில் முதல் அலகு முடியைச் சற்று மேலே இழுக்க, அடுத்த அலகு தோலின் மட்டத்திற்கும் கீழே வெட்டிவிடுகிறது. அப்படி வெட்டப்பட்ட முடி, சுருண்டு வளரும் இயல்புடையதாயின் தோலுக்குள்ளேயே முளைத்துக் கொப்புளமாகிறது. நமக்கு நேர்ந்தது அதுதான்.

அவர் கையிலிருந்தது பிடிக்குள் மடங்கும் நெடுங்கத்தி. ஆனால் பழங்காலத்தைப் போலச் சாணைக்கல்லில் தீட்டித் தோல்வாரில் இழுத்துக் கூராக்கும் கத்தி அன்று. இருமுனை பிளேடு ஒன்றை உறையோடு நடுவில் மடக்கி இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்தியின் தலையில் செருகுகிறார். ஒருவருக்குப் பாதி பிளேடு. முடிந்ததும் அது கழிவு. ஒரே கத்தியைப் பலருக்கும் பயன்படுத்தினால், கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியின் வழியே மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளும் எச்ஐவி கிருமியும் பரவக்கூடும். முடிதிருத்தகத்தில் அமரும் எவரும் புதிய பிளேடு தம் கண்ணெதிரே உறையிலிருந்து எடுக்கப்படுகிறதா என்று பார்க்க உரிமையுடையவர். கேட்பதற்குக் கூச்சப்படுவோரே மிகுதி. கேட்டால் தமக்கு மகிழ்ச்சிதான் என்றார் பெரியவர். இரத்தத்தை நிறுத்தும் படிகாரக் கட்டியை எல்லோர் முகத்திலும் தேய்க்கும் பழக்கத்தையும் அவர் கைவிட்டிருக்கிறார். படிகாரத்தைத் தூளாக்கி, ஒவ்வொருவருக்கும் சிறிதளவு தனியே நீரில் கரைத்துப் பஞ்சில் தொட்டு ஒற்றுகிறார்.

நுரை தயாராகும் நேரத்தில்தான் சோப்பைப் பற்றிய பேச்சு வந்தது. மைசூருக்காரர்களாகிய நமக்குச் சோப்பு என்றால் சந்தனச் சோப்புதான். சந்தன மணம் இல்லாத குளியலறையை இவ்வூரில் பார்ப்பது அரிது. ஒருமுறை சவரக் கிரீம் தீர்ந்துபோன அவசரத்தில் குளியல் சோப்பைக் குழைத்துப் பூசிக்கொண்டு கன்னத்தைக் கீறிக்கொண்டதைச் சொன்னோம். "மணத்தை வைத்து மழிக்க முடியாது, சார்" என்றார் அவர்.

அந்தச் சந்தனச் சோப்பின் கதையைச் சற்றே சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. மைசூர் சமஸ்தானத்துச் சந்தன மரம் முதல் உலகப் போருக்கு முன்பு ஜெர்மனி முதலிய நாடுகளுக்கு அனுப்பப்பட்டு, அங்கேதான் எண்ணெயாக வடிக்கப்பட்டது. 1914இல் போர் மூண்டதும் ஏற்றுமதி நின்றது, மரம் தேங்கியது. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் எண்ணெயை இங்கேயே வடிப்பதென முடிவு செய்தனர். 1916இல் பெங்களூரிலும், 1917இல் மைசூரிலும் எண்ணெய் ஆலைகள் எழுந்தன. அந்த எண்ணெயைச் சோப்பில் சேர்க்கும் எண்ணத்தின் தொடர்ச்சியாக, சோசலெ கரளபுரி சாஸ்திரி என்ற வேதியியல் அறிஞர் இங்கிலாந்துக்குச் சென்று சோப்புத் தொழில்நுட்பம் பயின்று திரும்பினார். 1918இல் சோப்பு விற்பனைக்கு வந்தது. யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சரபம் இன்றும் அதன் சின்னம். விற்க வழியின்றித் தேங்கிக் கிடந்த சரக்கு ஒரு நூற்றாண்டுத் தொழிலாக மாறியதை, கடன் விண்ணப்பங்களைப் படித்துப் பழகிய கண்கள் தனி ஆர்வத்துடன் பார்க்கின்றன.

எனினும் அது குளியல் சோப்பு. குளியல் சோப்பின் வேலை அழுக்கையும் எண்ணெய்ப் பசையையும் நீக்கி உடனே கழுவப்பட்டுப் போய்விடுவது. சவர சோப்பின் வேலை நேர் எதிரானது. முடியைச் சுற்றி நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, பத்து நிமிடமேனும் முகத்திலேயே தங்கி, அலகு வழுக்கிச் செல்லப் பாதை அமைக்க வேண்டும். அதனால் இரண்டின் சேர்மானமும் வேறு. சாதாரண சோப்பு பெரும்பாலும் சோடியம் காரத்தால் ஆனது. சவர சோப்பில் பொட்டாசியம் காரமும் சேர்க்கப்படுகிறது. அது சோப்பை மென்மையாக்கி, நீரில் எளிதில் கரைய வைக்கிறது. அதோடு ஸ்டியரிக் அமிலம் மிகுதியாக இருப்பதால் நுரை சிறுசிறு குமிழ்களாக, தயிர்போல் கெட்டியாக நிற்கிறது. தேங்காயெண்ணெய் மிகுந்த சோப்பு பெரிய குமிழ்களாகப் பொங்கும். பொங்கிய வேகத்திலேயே அடங்கியும் விடும். நம் கன்னம் கீறப்பட்டதன் காரணம் இதுதான்.

ஆகவே கடையில் வாங்கும்போது உறையின் முன்புறத்துப் படத்தையும் மணத்தின் பெயரையும் விட்டுவிட்டுப் பின்புறத்தைப் படிக்க வேண்டும். ஸ்டியரிக் அமிலமும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் பட்டியலின் தொடக்கத்திலேயே இருந்தால் நல்லது. கிளிசரின் இருந்தால் வறண்ட தோலுக்கு ஏற்றது. தொட்டால் எரியும் தோலுடையோர் மணம் சேர்க்காத வகையைத் தேடுவதே அறிவுடைமை. மெந்தால் குளிர்ச்சி தரும், சிலருக்கு எரிச்சலும் தரும். விலங்குக் கொழுப்பை விரும்பாத வாடிக்கையாளர்கள் 'டாலோ' என்று தொடங்கும் சொற்கள் உள்ளனவா என்று பார்க்கலாம். 'பாமேட்' என்றிருந்தால் அது பனையெண்ணெயிலிருந்து வந்தது. குழாயில் அடைத்த கிரீம், வட்டமான கட்டிச் சோப்பு, குச்சி வடிவச் சோப்பு ஆகிய மூன்றுமே நல்லவைதாம். கிரீம் விரைவில் நுரைக்கும். கட்டிச் சோப்பு நெடுநாள் உழைக்கும். அழுத்தினால் தானே நுரையாக வெளிவரும் டப்பாவைப் பற்றிப் பெரியவரிடம் கேட்டோம். அதில் பாதி காற்று என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அவருடைய கடையில் நம்மை வியக்க வைத்தது சோப்பன்று, தண்ணீர். மூலையில் மூடியிட்ட பானையில் மழைநீர் வைத்திருக்கிறார். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு கூடித் திரித்திரியான கசடாகிவிடுகின்றன. நுரை வருவதில்லை. நாம் சோப்பின்மீது பழி போட்டு அடுத்த சோப்பை வாங்குகிறோம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் லாரித் தண்ணீரிலும் ஆழ்துளை நீரிலும் காலம் தள்ளும் வாடிக்கையாளர்கள், விலையுயர்ந்த சோப்புக்கு மாறுமுன் ஒரு குவளை நல்ல குடிநீரைச் சூடாக்கி அதில் நுரைத்துப் பார்க்கலாம். கொதிக்க வைத்து ஆறவிட்டாலே கடினத்தன்மையின் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும். சவரத்திற்கு வேண்டியது ஒரு குவளை நீர்தானே.

பிரஷ் அவசியமா என்று கேட்போர் உண்டு. விரலால் பூசினாலும் கிரீம் ஒட்டும். ஆனால் பிரஷ்தான் முடியைத் தோலிலிருந்து நிமிர்த்தி, நீரை உட்செலுத்துகிறது. பன்றி முடி, வளைக்கரடி முடி, குதிரை முடி ஆகியவற்றால் செய்த பிரஷ்கள் உலகச் சந்தையில் பெயர்பெற்றவை. இப்போது வரும் செயற்கை இழைப் பிரஷ்கள் அவற்றுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல; விரைவில் உலர்கின்றன, விலையும் குறைவு. வீட்டில் பன்றி முடிப் பிரஷை அனுமதிக்காத குடும்பங்களுக்கு அதுவே தீர்வு. எதுவானாலும் பயன்படுத்தியபின் உதறி, நுனி கீழ்நோக்க உலரவிட வேண்டும். ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் பூஞ்சை வரும்.

இனி ரேசர். இன்று நாம் 'பழைய முறை' என்று சொல்லும் இருமுனைப் பாதுகாப்பு ரேசர், தன் காலத்தில் புரட்சியாக வந்தது. அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட், மெல்லிய எஃகுத் தகட்டில் கூர் ஏற்றி, மழுங்கியதும் எறிந்துவிடும் பிளேடுக்கு 1904இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டில் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு அரசே ரேசர் வழங்கியபின் அது உலகெங்கும் பரவியது. சந்தனச் சோப்பும் பாதுகாப்பு ரேசரும் ஒரே போரினால் வாழ்வு பெற்றவை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

புதிதாகத் தொடங்குவோர் தேர்ந்தெடுக்க வேண்டியது, பிளேடின் விளிம்புக்குக் கீழே நேரான தடுப்புப் பட்டை உடைய மென்மையான ரேசர். சீப்பு போன்ற பற்களுடைய வகை, அடர்ந்த தாடியை மழிப்பவர்களுக்கும் கை பழகியவர்களுக்கும் உரியது. பிடியைத் திருகினால் தலை இரண்டு கதவுகளாகத் திறக்கும் வகை வசதியானது. மூன்று துண்டுகளாகக் கழலும் வகை கழுவ எளிது, பழுதாக இடமில்லை. சற்றுக் கனமான பித்தளை அல்லது எஃகுப் பிடியாக இருக்கட்டும். ரேசரின் எடையே வேலையைச் செய்ய வேண்டும், கை அழுத்தக்கூடாது. கார்ட்ரிட்ஜில் அழுத்திப் பழகிய கைக்கு இது எளிதில் வராது. முதல் வாரம் நாமும் மூன்று இடங்களில் வெட்டிக்கொண்டோம். பிடியைத் தோலிலிருந்து ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் பிடித்து, சிறுசிறு இழுப்புகளாக, முடி வளரும் திசையில் முதல் சுற்று. மீண்டும் நுரை பூசிக் குறுக்காக இரண்டாம் சுற்று. அலுவலகத்திற்கு அதுவே போதும். எதிர்த்திசையில் மூன்றாம் சுற்று என்பது திருமண நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

டோபாஸ், செவன் ஓ கிளாக் போன்ற பிளேடு உறைகளைப் பார்த்தால் நம் தலைமுறைக்குத் தந்தையின் முகக்கண்ணாடி நினைவுக்கு வரும். எந்த பிளேடு சிறந்தது என்பதற்குப் பொதுவான விடை இல்லை. ஒருவருக்கு வழுக்கிச் செல்வது மற்றொருவருக்குப் பிறாண்டும். மொத்தமாக நூறு வாங்காமல், நான்கைந்து வகைகளில் ஒவ்வொரு சிறு பொதி வாங்கிப் பார்ப்பதே சிக்கனம். ஒரு பிளேடு மூன்று முதல் ஐந்து சவரங்களுக்கு வரும். பிளேடைத் துணியால் துடைக்கக்கூடாது. கூரும் போகும், விரலும் போகும். கழுவி உதறினால் போதும்.

வங்கியாளர் எழுதும் கட்டுரையில் கணக்கு இல்லாமல் முடியாது. நம் சொந்தக் கணக்கு இது. கார்ட்ரிட்ஜ் ஒன்று ரூ.150; மாதம் இரண்டு; ஆண்டுக்கு ரூ.3,600. இப்போது மாதம் 26 சவரம், பிளேடுக்கு நான்கு சவரம், ஏழு பிளேடு, ஒன்று ரூ.4, மாதம் ரூ.28, ஆண்டுக்கு ரூ.336. ரேசருக்கு ரூ.800, பிரஷுக்கு ரூ.400 கொடுத்தோம்; அவை திரும்பத் திரும்ப வாங்கப்படுபவை அல்ல. முதல் ஆண்டிலேயே ரூ.2,064 மிச்சம். மாதம் ரூ.250 தொடர் வைப்புக் கணக்கில் செலுத்த நாம் வாடிக்கையாளர்களைக் கேட்கும்போது, "எங்கிருந்து எடுப்பது?" என்பார்கள். இப்போது நம்மிடம் ஒரு விடை இருக்கிறது. பளபளக்கும் ரேசர்களையும் வெளிநாட்டுச் சோப்புகளையும் சேகரிக்கத் தொடங்கினால் இந்த மிச்சம் ஒரே மாதத்தில் காணாமற்போகும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நம் அலுவலக நண்பர் ஒருவர் அந்த வழியில் வெகுதூரம் சென்றுவிட்டார்.

எல்லோருக்கும் இம்முறையைப் பரிந்துரைக்க மாட்டோம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்ளும் முதியவர்களுக்குச் சிறு வெட்டும் நெடுநேரம் கசியும். நீரிழிவு உடையவர்களுக்குக் காயம் ஆறத் தாமதமாகும். கை நடுக்கம் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவர்களுக்கு மின்சார ரேசரே தக்கது. விமானத்தில் செல்வோர் பிளேடுகளைக் கைப்பையில் வைத்தால் சோதனைச் சாவடியில் இழக்க நேரிடும்.

இதுவரை எழுதியது நமக்குக் கிடைத்த நன்மை. அதே பிளேடு பிறருக்குச் செய்த தீமையையும் எழுதத்தான் வேண்டும்.

ராமாபுரத்திலிருந்து திரும்பி நான்கு மாதம் ஆகியிருந்தது. மைசூரு 2015, 2016 ஆண்டுகளின் தூய்மைக் கணக்கெடுப்புகளில் நாட்டிலேயே முதலிடம் பெற்ற நகரம். அந்தப் பெயரை அதற்கு ஈட்டித் தந்தவர்கள் விடியற்காலையில் வீடுவீடாக வரும் பௌரகார்மிகர்கள். நாம் பயன்படுத்திய பிளேடை நாளிதழ்த் துண்டில் சுற்றி உலர்கழிவோடு போட்டு வந்தோம். காகிதத்தில் சுற்றிவிட்டோம் என்ற நிம்மதி வேறு. ஒருநாள் காலை, நம் தெருவுக்கு வரும் அம்மையார் கழிவைத் தரம் பிரிக்கப் பையினுள் கைவிட்டபோது, காகிதம் நனைந்து பிரிந்து, இரண்டு விரல்களில் ஆழமாக வெட்டிவிட்டது. அவர் நம்மிடம் வந்து சொல்லவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டார்தாம் வந்து கூறினர்.

மருத்துவமனையில் தையல் போட்டு, தனுர்வாத ஊசியும் போட்டார்கள். பிறகு மருத்துவர் நம் பக்கம் திரும்பி, அந்த பிளேடு யாருடையது என்று கேட்டார். நம்முடையது என்றோம். அப்படியானால் உங்கள் இரத்தத்தையும் பரிசோதிக்க வேண்டும் என்றார். பிளேடில் ஒட்டியிருந்த நம் இரத்தத்தில் ஏதேனும் நோய்க்கிருமி இருந்தால், அது அவருக்குச் சென்றிருக்கக்கூடும். முடிவு வரும்வரை ஓர் இரவு காத்திருந்தோம். நமக்கு எந்த நோயும் இல்லை என்று நாமே நம்பிக்கொண்டிருந்ததைத் தவிர, அதற்கு வேறு ஆதாரம் நம்மிடம் இருக்கவில்லை. மறுநாள் எல்லாம் இல்லை என்றே வந்தது. அவர் ஆறு நாள் வேலைக்கு வரவில்லை. அந்த நாள்களின் கூலியை நாம் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார், வேறொன்றும் சொல்லவில்லை. மாதம் ஏழு பிளேடு, நான்கு மாதம், இருபத்தெட்டு பிளேடுகள் அவர் கைகளின் வழியே போயிருக்கின்றன என்று அன்றிரவு கணக்கிட்டோம்.

அடுத்த ஆய்வுக்கு ராமாபுரம் சென்றபோது இதைப் பெரியவரிடம் சொன்னோம். அவர் பதில் சொல்லாமல் நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பால்பவுடர் டப்பாவை எடுத்துக் காட்டினார். மூடி பற்றவைக்கப்பட்டிருந்தது, மேலே பிளேடு மட்டும் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு. உண்டியலேதான். ஒடித்த பாதி பிளேடுகள் எல்லாம் அதற்குள் போகின்றன. நிரம்பியதும் இடுக்கைப் பட்டை ஒட்டி அடைத்து, மேலே கன்னடத்தில் 'பிளேடு' என்று எழுதி, ஊராட்சி வண்டியில் வருபவரின் கையில் தனியாகக் கொடுக்கிறார். முற்காலத்தில் அமெரிக்க வீடுகளின் குளியலறை அலமாரியில் இதற்கென்றே ஓர் இடுக்கு வைத்து, பிளேடு சுவருக்குள் விழும்படி கட்டினார்கள் என்று நாம் படித்ததைச் சொன்னோம். சுவரை இடிக்கிறவன் கதி என்ன என்று கேட்டார்.

அவருடைய கணக்கு ஒழுங்காக இருக்கிறது. முதல் தவணைக் கடன் ரூ.1 லட்சத்தை 5 விழுக்காடு வட்டியில் 18 மாதங்களில் செலுத்த வேண்டும். ஒரு மாதமும் தவறியதில்லை. கியூஆர் அட்டையில் பணம் பெறுவதும் பழகிவிட்டது. எனவே ரூ.2 லட்சம் வரையிலான இரண்டாம் தவணைக்கு அவர் தகுதி பெறுகிறார். அந்தப் பணத்தில் நாற்காலி வாங்கப் போவதில்லையாம். மழைநீரைச் சேமிக்கக் கூரைமேல் ஒரு தொட்டியும், மகனுக்காக இன்னொரு அறையும். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டோம்.

புறப்படும்போது அவர் ஒரு காலி டப்பாவுக்கு இடுக்கு வெட்டிக் கொடுத்தார். இதற்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். விதியை மீறியதாக இந்த ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறோம். இப்போது அது நம் குளியலறை அலமாரியில் இருக்கிறது. இருபது ஆண்டு வங்கிப் பணியில், செலுத்துதல் மட்டும் உண்டு, எடுத்தல் கிடையாது என்ற கணக்கை நாம் தொடங்கியது இதுவே முதல்முறை. எட்டு மாதமாகிறது, இன்னும் கால்பங்கும் நிரம்பவில்லை.